உலர்த்தியின் விலை ஏன் ஏறியது?

சுங்கம் விதிக்கப்பட்டது சலவைப்பொறிக்கு; விலை ஏறியதோ உலர்த்திக்கும்.

2018 பெப்ருவரி 7ஆம் நாள் முதல், அயல்நாடுகளில் செய்யப்பட்டு அமெரிக்கத் துறைமுகங்களில் வந்திறங்கும் வீட்டுச் சலவைப்பொறிகளுக்கு அந்நாட்டரசு காப்புச் சுங்கம் விதித்தது. முதலாண்டில் வந்து சேரும் முதல் 12 இலட்சம் பொறிகளுக்கு 20 விழுக்காடு. அவ்வெல்லையைக் கடந்து வருவனவற்றுக்கு 50 விழுக்காடு. துவைத்த துணியை வெப்பக் காற்றால் உலர்த்தும் பொறிக்கு வரி ஏதுமில்லை. ஆயினும் சில மாதங்களில் சலவைப்பொறியின் சில்லறை விலை ஏறத்தாழ 12 விழுக்காடு உயர்ந்தபோது, உலர்த்தியின் விலையும் உடன் ஏறியது. பணக்கணக்கில் சலவைப்பொறி 86 டாலர் கூடியது. உலர்த்தி 92 டாலர் கூடியது. வரி சுமந்த பொருளினும் வரியே இல்லாத பொருள் ஆறு டாலர் மிகுதியாக ஏறியிருக்கிறது.

இதை அளந்து சொன்னவர் மூவர். அமெரிக்க நடுவண் வங்கியின் ஆரன் ஃபிளேயன், சிகாகோ பல்கலைக்கழகத்தின் அலி ஹொர்டாச்சு, ஃபீலிக்ஸ் டின்டல்நாட். அவர்களது ஆய்வு 2020இல் அமெரிக்கப் பொருளியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. விலை ஏறியது என்று சொல்லுதல் எளிது; சுங்கத்தால் ஏறியது என்று நிறுவுதல் அரிது. எஃகின் விலை ஏறியிருக்கலாம், கூலி உயர்ந்திருக்கலாம், சரக்குந்துக் கட்டணம் கூடியிருக்கலாம். ஆகவே அவர்கள் சலவைப்பொறியின் விலையை அடுப்பு முதலான பிற வீட்டுப் பொறிகளின் விலையோடு ஒப்பிட்டனர். அவையும் அதே எஃகால் ஆனவை, அதே கடையில் விற்பவை, அதே வண்டியில் வருபவை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஏற்றத்தைக் கழித்துவிட்டால், எஞ்சுவது சுங்கத்தின் வேலை. மருந்து உண்டவரையும் உண்ணாதவரையும் அருகருகே வைத்து நோக்கும் மருத்துவ ஆய்வின் முறையே இது.

உலர்த்தியின் புதிருக்கு விடை எளியது. அமெரிக்க இல்லங்களில் சலவைப்பொறியும் உலர்த்தியும் இணையாக வாங்கப்படுவன. ஒரே நிறம், ஒரே உயரம், பெரும்பாலும் ஒரே விலை. விற்பவர் வரிச்சுமையை ஒன்றின் தலையில் மட்டும் ஏற்றாமல் இரண்டின்மேலும் பகிர்ந்து வைத்தனர். இணையின் பாதி மீது விழுந்த வரி முழு இணையின் விலையையும் தூக்கியது. இன்னொன்றும் நிகழ்ந்தது. உள்நாட்டிலேயே பொறி செய்து, சுங்கமாக ஒரு காசும் கட்டாத நிறுவனங்களும் விலையை உயர்த்தின. போட்டியாளரின் விலை ஏறும்போது தம் விலையை மட்டும் ஏன் தாழ்த்தி வைக்க வேண்டும்? வணிகர் அறம் அத்துணை தூரம் நீள்வதில்லை.

கணக்கின் முடிவு இது. ஓராண்டில் நுகர்வோர் மிகையாகக் கொடுத்தது 150 கோடி டாலருக்கு மேல். அரசுக் கருவூலத்திற்குச் சுங்கமாக வந்து சேர்ந்தது 8.2 கோடி டாலர். புதிதாகத் தோன்றிய வேலைகள் ஏறத்தாழ 1,800: தென் கரோலினாவின் நியூபெரியில் சாம்சங் ஆலை, டென்னசியின் கிளார்க்ஸ்வில்லில் எல்ஜி ஆலை, ஒஹாயோவின் கிளைடில் வேர்ல்பூல் ஆலையின் விரிவாக்கம். வருவாயைக் கழித்த பின் வகுத்துப் பார்த்தால், ஒரு வேலைக்கு நுகர்வோர் ஆண்டுதோறும் கொடுத்த விலை 8 இலட்சத்து 15 ஆயிரம் டாலர். அந்த ஆலைத் தொழிலாளியின் ஊதியத்தைப் போல அது பன்மடங்கு.

இவ்வெண் வெளிவந்ததும் ஒரு சாரார் அதைக் கொடி போல உயர்த்திப் பிடித்தனர். மறுசாரார், ஆலை என்பது ஊதியக் கணக்கு மட்டுமன்று, ஊரின் உயிர்ப்பு என்று மறுமொழி கூறினர். இருவரும் ஒருவரையொருவர் மறுப்பதாக எண்ணிக்கொண்டனர். உண்மையில் முதலாமவர் விலையைச் சொன்னார். இரண்டாமவர் அவ்விலை தகும் என்றார். சுங்கம் பற்றிய பொதுவெளிச் சொற்போர்களில் பெரும்பகுதி இப்படித்தான் ஒன்றையொன்று தொடாமல் கடந்து செல்கிறது. எனினும் அளந்தறியக் கூடிய ஒரு கேள்வி இதன் நடுவே நிற்கிறது: விதித்த சுங்கத்தில் எவ்வளவு பங்கு விலையில் ஏறுகிறது? இதை ‘ஃபை’ என்னும் கிரேக்க எழுத்தால் குறிப்பதுண்டு. முழுவதும் ஏறினால் ஒன்று. சற்றும் ஏறாவிடில் சுழியம். அரசியல் மேடையில் ‘அயலான் செலுத்துகிறான்’ என்று முழங்குவோர் இவ்வெண் சுழியம் என்கின்றனர், தாம் அறியாமலே.

சுங்கம் பழமையானது. வள்ளுவர் அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக வைத்த ‘உல்கு’ என்பது இதுவே. முதற் குலோத்துங்கனோ சுங்கம் தவிர்த்தவன் என்னும் பெயரால் நினைக்கப்படுகிறான். வரி விதித்ததற்காகப் புகழப்பெற்ற வேந்தனை நான் அறியேன். ஆயின் அக்காலத்து வரி கருவூலத்தை நிரப்பவே பிறந்தது. உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் வேலி என்னும் எண்ணம் பிந்தியது. அமெரிக்காவில் அதற்கு முறையான எழுத்து வடிவம் கொடுத்தவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். 1791இல் அவர் பேராயத்திற்கு அளித்த செய்தொழில் அறிக்கை அதன் மூல ஆவணம். அரை நூற்றாண்டு கழித்து ஜெர்மானியரான ஃபிரீடரிக் லிஸ்ட், வளரும் தொழிலுக்குச் சிறிது காலம் நிழல் வேண்டும் என்று வாதிட்டார். ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பீட்டளவில் எளிதானதைச் செய்து பரிமாறிக்கொண்டால் இருவர்க்கும் ஆதாயம் என்று 1817இல் டேவிட் ரிக்கார்டோ எழுதி வைத்த ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு எதிர்ப்பக்கம் நின்றது. இருதரப்பின் முதன்மை வாதங்களும் அன்றே முற்றுப்பெற்றுவிட்டன என்று சொன்னாலும் பெரும்பிழையாகாது. அவர்களுக்கு வாய்க்காதது அளவுகோல்.

சுங்கத்தைத் துறைமுகத்தில் கையால் கட்டுபவர் இறக்குமதியாளர். இதில் ஐயமில்லை. ஆனால் கட்டுபவரும் சுமப்பவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்பதில்லை. இறக்குமதியாளர், ‘இத்தனை விழுக்காடு வரி வந்துவிட்டது, உன் விலையைக் குறை’ என்று அயல்நாட்டு விற்பனையாளரை நெருக்கலாம். அவர் குறைத்தால் சுமை கடல் கடந்து போகிறது. குறைக்க மறுத்தால் சுமை உள்நாட்டிலேயே தங்குகிறது; அது கடைக்காரரின் ஆதாயத்தைக் கடிக்கலாம், அல்லது வாங்குபவரின் பையைக் கடிக்கலாம். எவர் விலகிச் செல்ல வல்லவரோ அவர் தப்புவார். விலக இயலாதவர் சுமப்பார். வாங்குபவருக்கு வேறு பொருள் உண்டெனில் விற்பவர் பணிவார். விற்பவருக்கு வேறு சந்தை உண்டெனில் வாங்குபவர் பணிவார்.

இதிலிருந்து சுங்க ஆதரவாளருக்கு உதவும் ஒரு நேரிய வாதமும் பிறக்கிறது. 1906இல் பிக்கர்டைக் என்னும் ஆங்கிலேயப் பொருளியலார் அதைக் கணித வடிவில் காட்டினார். உலகச் சந்தையில் பெருவாங்குநராக விளங்கும் நாடு சிறிதளவு சுங்கம் விதித்தால், அயல்நாட்டார் தம் விலையைத் தாழ்த்த நேரும். அந்நாடு மொத்தத்தில் ஆதாயம் பெறக் கூடும். இது தந்திரப் பேச்சன்று. பாடநூல் ஏற்றுக்கொண்ட முடிபு. இரு நிபந்தனைகள் மட்டும் உண்டு: மற்ற நாடுகள் பழிக்குப் பழி வாங்காதிருக்க வேண்டும், விற்பவர் விலையைத் தாழ்த்தியே ஆக வேண்டிய நிலையில் இருக்க வேண்டும். அமெரிக்காவினும் பெரிய வாங்குநர் உலகில் எவருமில்லை. ஆகவே 2018இல் விதித்த சுங்கங்களில் ஒரு பகுதியேனும் அயலார் தலையில் விழுந்திருக்கும் என்று பல பொருளியலாரே எதிர்பார்த்தனர்.

விழவில்லை. மேரி அமித்தி, ஸ்டீவன் ரெடிங், டேவிட் வைன்ஸ்டைன் ஆகியோர் சுங்கப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: சுங்கத்திற்கு முந்தைய துறைமுக விலை ஏறத்தாழ அசையவேயில்லை. சுங்கம் முழுமையும் அமெரிக்க வாங்குநர் செலுத்தும் விலையில் ஏறிவிட்டது. ஆல்பெர்ட்டோ கவாயோ, கீதா கோபிநாத், பிரென்ட் நெய்மன், ஜென்னி டாங் ஆகியோரின் ஆய்வும் துறைமுகத்தில் அதையே கண்டது. ஆனால் கடையில் வேறொன்றைக் கண்டது. சில்லறை விலை அந்த அளவுக்கு ஏறவில்லை. கடைக்காரர்கள் தம் ஆதாயத்தில் ஒரு பகுதியை இழந்து சுமையைத் தாங்கியிருந்தனர். எஃகில் இன்னொரு விலக்கு உண்டு. காலம் செல்லச் செல்ல அயல்நாட்டு எஃகு விற்பனையாளர்கள் விலையை உண்மையிலேயே தாழ்த்தினர் என்பதை அமித்தியும் துணைவரும் அடுத்த ஆண்டே எழுதினர். தம் முதல் முடிவுக்கு எதிரான சான்றைத் தாமே வெளியிடும் இப்பண்பை நான் எண்ணிப் போற்றுவதுண்டு.

சலவைப்பொறிக்கே மீள்வோம், அதன் முன்கதை பின்கதையினும் சுவையுடையது. 2018 முதல் முயற்சியன்று. 2012-13இல் உள்நாட்டு நிறுவனமான வேர்ல்பூலின் முறையீட்டின் பேரில் கொரியாவிலும் மெக்சிகோவிலும் இருந்து வரும் பொறிகளுக்கு, மலிவு விலையில் பொருள் குவிப்பதைத் தடுக்கும் சுங்கம் விதிக்கப்பட்டது. சாம்சங்கும் எல்ஜியும் என் செய்தன? உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றின. 2016-17இல் சீனப் பொறிகள்மீது சுங்கம் பாய்ந்தது. உற்பத்தி தாய்லாந்துக்கும் வியத்நாமுக்கும் இடம்பெயர்ந்தது. அவ்விரு முறையும் அமெரிக்கக் கடைகளில் விலை குறிப்பிடத்தக்க அளவு ஏறவில்லை. பொறி மட்டும் நாடு மாறி வந்தது. மூன்றாம் முறை, ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும் சேர்த்து வேலி இட்ட பின்னரே விலை எகிறியது. அப்போது ஓடுவதற்கு ஒரே இடம்தான் எஞ்சியிருந்தது. அது அமெரிக்கா.

இம்மூன்று சுற்றும் சேர்ந்து ஓர் ஆய்வுக்கூடச் சோதனைக்கு ஒப்பானவை. ஒரு நாட்டின்மீது மட்டும் விழும் சுங்கம் அந்நாட்டு விற்பனையாளரை வதைக்கிறது; வாங்குபவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். எல்லா நாட்டின்மீதும் விழும் சுங்கம் வாங்குபவரை வதைக்கிறது. போவதற்குப் பக்கத்துக் கடை இல்லை. ஆகவே ‘சுங்கத்தைச் சுமப்பவர் யார்’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை சொல்பவர், எப்பக்கத்தவராயினும், பாதிச் சோதனையை மட்டும் பார்த்தவர்.

வேர்ல்பூலின் மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. சலவைப்பொறிச் சுங்கம் வந்த மறுமாதமே, 2018 மார்ச்சில், எஃகுக்கு 25 விழுக்காடும் அலுமினியத்திற்கு 10 விழுக்காடும் சுங்கம் அறிவிக்கப்பட்டது. சலவைப்பொறியின் உடலே எஃகுதான். வேலியால் ஈட்டியதன் ஒரு பகுதி மூலப்பொருள் விலையாகக் கரைந்தது. இறக்குமதி என்றதும் நம் கண்முன் வருவன கடையில் விற்கும் முடிந்த பொருள்கள். ஆயின் இறக்குமதியின் பெரும்பகுதி பிற ஆலைகளின் உணவு. எஃகை உருக்குவோர் ஒருவர் எனில், எஃகை வளைப்போர், துளைப்போர், பற்றவைப்போர் பலர். நடுவண் வங்கியின் ஆய்வொன்று, 2018ஆம் ஆண்டுச் சுங்கங்களின் மொத்த விளைவாக அமெரிக்கச் செய்தொழில் வேலைகள் கூடவில்லை, சற்றுக் குறைந்தன என்று கண்டது. காப்பினால் வந்த சிறு நன்மையை மூலப்பொருள் விலையேற்றமும் பிற நாடுகளின் எதிர்ச்சுங்கமும் விழுங்கிவிட்டன.

எதிர்ச்சுங்கம் எதிர்பாராத விபத்தன்று. சீனா அமெரிக்கச் சோயாவுக்குச் சுங்கம் விதித்தது. உழவரைத் தாங்க அமெரிக்க அரசு 2018இல் 1,200 கோடி டாலரும் 2019இல் 1,600 கோடி டாலரும் உதவியாக அறிவித்தது. ஆயின் சீனா விரல் அசைக்காதிருந்தாலும் அமெரிக்க ஏற்றுமதி தளர்ந்தே இருக்கும் என்கிறது ஓர் அரிய தேற்றம். 1936இல் ஆபா லெர்னர் என்னும் பொருளியலார் நிறுவியது அது: எல்லா இறக்குமதிக்கும் ஒரே அளவில் விதிக்கும் வரி, எல்லா ஏற்றுமதிக்கும் அதே அளவில் விதிக்கும் வரிக்கு ஒப்பானது.

முதற்கண் இது புரியாது. கடல் வழியே உள்ளே வருவதைத் தடுத்தால் வெளியே போவது ஏன் தடைப்பட வேண்டும்? ஒரு நாடு ஏற்றுமதி செய்வதன் பயன் இறக்குமதியே. நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கும் உழவனின் உப்புக்கு வரி விதித்தால், அவன் கையில் உள்ள நெல்லின் மதிப்பையே குறைத்தவர் ஆவீர். அவனுக்கு நெல்லை விற்கும் ஊக்கம் தளரும். பணப் பொருளியலில் இது மாற்று மதிப்பின் வழியே நிகழும். இறக்குமதி குறைந்தால் அயல்நாட்டுப் பணத்தின் தேவை குறையும். உள்நாட்டுப் பணம் வலுப்பெறும். வலுத்த பணம் ஏற்றுமதிப் பொருளை உலகச் சந்தையில் விலையுயர்ந்ததாக்கும். அன்றியும், வேலிக்குள் வளரும் தொழில் தனக்கு வேண்டிய ஆளையும் மூலதனத்தையும் வேறெங்கிருந்தோ இழுத்தாக வேண்டும். அது பெரும்பாலும் ஏற்றுமதித் தொழிலே. லெர்னரின் தேற்றத்தைப் பொருளியல் மாணவர் பன்னாட்டு வணிகப் பாடத்தில் கற்கின்றனர். மக்களவைகளில் அது பேசப்படுவதை நான் கேட்டதில்லை.

வணிகப் பற்றாக்குறை பற்றிய பேச்சும் இதனோடு சேர்ந்தது. ஒரு நாடு ஈட்டுவதினும் மிகுதியாகச் செலவழித்தால் அவ்வேறுபாடு வெளியிலிருந்தே வர வேண்டும். இது கோட்பாடன்று, கணக்கேட்டின் விதி. சேமிப்பும் முதலீடும் மாறாதவரை, ஒரு நாட்டின்மீது எழுப்பிய வேலி பற்றாக்குறையை வேறு நாட்டின் பக்கம் நகர்த்தும், ஒழிக்காது. 2019இல் சீனாவுடனான அமெரிக்கப் பற்றாக்குறை சுருங்கியது. வியத்நாமுடனும் மெக்சிகோவுடனும் விரிந்தது. சலவைப்பொறி ஓடிய அதே வழி.

பொருளியலார் ஒருமித்துக் குரல் கொடுத்த பழைய நிகழ்வொன்று இவ்விவாதங்களில் தவறாமல் எடுத்தாளப்படும். 1930 மே மாதத்தில் 1,028 அமெரிக்கப் பொருளியலார், ஸ்மூட்-ஹாலே சுங்கச் சட்டத்திற்கு ஒப்பமிட வேண்டாம் என்று குடியரசுத் தலைவர் ஹூவருக்கு முறையிட்டனர். யூட்டாவின் மேலவை உறுப்பினர் ரீட் ஸ்மூட்டும் ஒரிகனின் கீழவை உறுப்பினர் வில்லிஸ் ஹாலேயும் கொணர்ந்த சட்டம் அது. ஜூன் 17ஆம் நாள் ஹூவர் ஒப்பமிட்டார். கனடா உடனே திருப்பி அடித்தது. முட்டைக் கதை புகழ்பெற்றது: அமெரிக்கா முட்டைச் சுங்கத்தை ஒரு டசனுக்கு 8 காசிலிருந்து 10 காசாக்கியது, கனடா 3 காசிலிருந்து 10 காசாக்கியது. கனடாவிலிருந்து வாங்குவதினும் மிகுதியாக அமெரிக்காதான் கனடாவுக்கு முட்டை விற்றுக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் அவ்வணிகம் ஏறத்தாழ அற்றேபோயிற்று.

ஆயின் இக்கதையைச் சொல்லும் சுங்க எதிர்ப்பாளர் பலர் ஓரடி மிகையாக வைத்து, அச்சட்டமே பெருமந்தத்தை உண்டாக்கியது என்பர். அது பிழை. பங்குச்சந்தை சரிந்தது சட்டத்திற்கு முந்தைய ஆண்டில். மந்தத்தை ஆழமாக்கியவை வங்கிகளின் வீழ்ச்சியும் பணச் சுருக்கமும் என்பதில் வரலாற்றாய்வாளரிடையே பெரிதும் உடன்பாடு உண்டு. டக்ளஸ் இர்வின் கணக்கிட்டபடி, அடுத்த இரண்டாண்டுகளில் அமெரிக்க இறக்குமதி 40 விழுக்காடு வீழ்ந்ததில் சுங்கத்தின் பங்கு கால்வாசி அளவே. எஞ்சியது மக்கள் கையில் பணம் இல்லாமையால் வீழ்ந்தது. சுங்கம் நோயைக் கொண்டுவரவில்லை. நோயாளியின் போர்வையைப் பறித்தது.

பொருளியலார் மிகைப்படுத்தியதும் உண்டு, குறைத்துச் சொன்னதும் உண்டு. பின்னது பெரும் பழியாய் முடிந்தது. 2001இல் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தபோது, இழப்போர் சிலராயினும் அவர்கள் வேறு வேலைக்கு, வேறு ஊருக்கு நகர்ந்துவிடுவர் என்று பாடநூல் சொன்னது. அவர்கள் நகரவில்லை. டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கார்டன் ஹான்சன் ஆகியோரும் பிறரும் செய்த ஆய்வுகள், 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதிப் போட்டியால் 20 முதல் 24 இலட்சம் அமெரிக்க வேலைகள் மறைந்தன என்று மதிப்பிட்டன. அறைகலன் செய்த ஊர்கள், துணி நெய்த ஊர்கள், பொம்மை செய்த ஊர்கள் பத்தாண்டு கடந்தும் எழவில்லை. நாடு முழுமைக்கும் ஆதாயம், சில ஊர்களுக்கு அழிவு. ஆதாயம் பெற்றோர் இழந்தோர்க்கு ஈடு செய்யலாம் என்று கோட்பாடு சொன்னது. ‘செய்யலாம்’ என்பது ‘செய்தனர்’ ஆகவில்லை. சுங்கம் வேண்டும் என்று குரல் எழுப்பியோரை அறியாதவர் என்று தள்ளிய கல்வியாளர்கள், அவ்வூர்களுக்கு ஒருமுறையேனும் சென்றிருந்தால் நன்றாயிருக்கும்.

இத்தனையும் கற்ற பின் வந்தது 2025. ஏப்ரல் 2ஆம் நாள் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் டொனால்டு டிரம்ப் நாடுகளின் பெயர்ப் பட்டியல் எழுதிய பலகையை உயர்த்திப் பிடித்தார். ஏறக்குறைய எல்லா நாட்டுக்கும் குறைந்தது 10 விழுக்காடு சுங்கம். பலவற்றுக்கு அதனினும் மிகுதி. மாந்தர் குடியேறாத, பெங்குவின்கள் வாழும் ஹெர்டு, மெக்டொனால்டு தீவுகளும் பட்டியலில் இருந்தன. நகைப்பதற்கு அது போதும். அறிவியல் நோக்கில் அதனினும் கருதத்தக்கது சுங்க அளவைக் கணித்த வாய்பாடு. அரசு அதை வெளியிட்டது. அதில் இரு கிரேக்க எழுத்துகள் இருந்தன: விலை ஏறினால் இறக்குமதி எவ்வளவு குறையும் என்பதைக் குறிக்கும் எப்சிலான், ஃபை. முன்னதன் மதிப்பு 4, பின்னதன் மதிப்பு 0.25 என்று கொள்ளப்பட்டது. இரண்டையும் பெருக்கினால் ஒன்று. ஒன்றால் பெருக்குவதும் வகுப்பதும் எதையும் மாற்றா. கிரேக்க எழுத்துகள் நீங்கிய பின் எஞ்சுவது பள்ளிக் கணக்கு: ஒரு நாட்டுடனான பண்டப் பற்றாக்குறையை அந்நாட்டிலிருந்து வரும் இறக்குமதியால் வகு, பாதியாக்கு.

இலங்கையை எடுத்துக்கொள்வோம். 2024இல் அமெரிக்கா இலங்கையிடம் ஏறத்தாழ 300 கோடி டாலர் பண்டம் வாங்கியது, பெரும்பாலும் ஆடைகள். விற்றதோ ஏறத்தாழ 37 கோடி. பற்றாக்குறை 263 கோடி, அதை 300 ஆல் வகுத்தால் 88 விழுக்காடு, பாதி 44. பட்டியலில் இலங்கைக்கு எதிரே இருந்த எண்ணும் அதுவே. இலங்கை அமெரிக்கப் பொருளுக்கு எவ்வளவு சுங்கம் விதிக்கிறது என்பது அக்கணக்கில் எங்கும் இல்லை. சட்டை தைத்து விற்று வாழும் ஒரு சிறு தீவு, அமெரிக்க வானூர்திகளை அதே அளவுக்கு வாங்காதது குற்றமாகக் கணக்கிடப்பட்டது.

இங்கே தொடக்கத்தில் சந்தித்த ஃபை மீண்டும் எதிர்ப்படுகிறது. சுங்கத்தில் எவ்வளவு விலையில் ஏறும் என்பதற்கு 0.25 என்ற மதிப்பைக் கொண்ட அரசு, தனக்குச் சான்றாக எடுத்துக்காட்டிய ஆய்வுகளுள் ஒன்று கவாயோ, கோபிநாத், நெய்மன், டாங் ஆகியோருடையது. அவ்வாசிரியருள் ஒருவரான நெய்மன், எங்கள் ஆய்வு சொன்னது கால் பங்கன்று, ஏறத்தாழ 95 விழுக்காடு என்று செய்தித்தாளில் எழுதினார். அம்மதிப்பை இட்டால் பட்டியலில் உள்ள சுங்கங்கள் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும். துறைமுக விலை அசையாமைக்கும் கடை விலை மெல்ல ஏறியதற்கும் உள்ள வேறுபாட்டை அரசின் கணக்கர்கள் குழப்பிக்கொண்டிருக்கலாம். எங்ஙனமாயினும், உலகின் பல நாடுகளின் வணிகத்தைத் தொட்ட ஓர் எண், அதை அளந்தவராலேயே மறுக்கப்பட்டது.

அப்போது அரசின் பொருளியல் அறிவுரையாளராக இருந்த ஸ்டீவன் மிரான் வேறொரு வாதம் வைத்திருந்தார். அது மேடை முழக்கத்தினும் கூர்மையானது. சுங்கம் விதித்தால் டாலர் வலுக்கும். வலுத்த டாலரால் இறக்குமதி மலிவாகும். அம்மலிவு சுங்கத்தை ஈடுசெய்யும். தம் பணம் மெலிந்த அயல்நாட்டாரே இறுதியில் சுமப்பர். லெர்னரின் வழியிலேயே செல்லும் இவ்வாதத்தைப் பழிக்க இயலாது, சோதிக்க இயலும். 2025இன் முதல் ஆறு மாதங்களில் டாலர் வலுக்கவில்லை. முதன்மைப் பணங்களுக்கு எதிரே ஏறத்தாழ பத்து விழுக்காடு வீழ்ந்தது. முதலீட்டாளர் அஞ்சி விலகும்போது பாடநூலின் பிற நிலைகள் மாறாதிருப்பதில்லை.

வருவாய் வந்தது என்பதை மறைத்தல் ஆகாது. 2025 நிதியாண்டில் அமெரிக்கச் சுங்க வருவாய் ஏறத்தாழ 19,500 கோடி டாலர். முந்தைய ஆண்டினும் இரு மடங்குக்கு மேல். வருமான வரியையே ஒழித்துச் சுங்கத்தால் அரசை நடத்தலாம் என்ற பேச்சுக்கு மட்டும் அது அடித்தளம் ஆகாது. தனியாள் வருமான வரி அதனினும் பத்து மடங்குக்கு மேல் பெரியது.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பண்டங்கள் பலவற்றுக்கு அமெரிக்கச் சுங்கம் 50 விழுக்காடானது. பாதி பொதுச் சுங்கம். மறுபாதி உருசிய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டம். பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அமெரிக்காவுக்கு அனுப்பும் திருப்பூருக்கு அந்நாள் எத்தகையது என்பதைச் சலவைப்பொறியின் முதலிரு சுற்றுகளே சொல்லிவிடும். வங்கதேசத்துக்கும் வியத்நாமுக்கும் அப்போது 20 விழுக்காடு. வாங்குபவருக்குப் பக்கத்துக் கடைகள் திறந்தே இருந்தன. ஆகவே ‘அமெரிக்க நுகர்வோரே சுங்கம் செலுத்துகிறார்’ என்ற பொருளியலாரின் சொல் திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு ஆறுதல் ஆகவில்லை. அவரிடம் விலைத் தள்ளுபடி கேட்டு மின்னஞ்சல் வந்தது. சாம்சங் தன் ஆலையைத் தாய்லாந்துக்குத் தூக்கிச் சென்றது. நூற்பாலையும் சாயப்பட்டறையும் தையற்கூடமும் ஒரே ஊரில் பின்னிக் கிடக்கும் தொழிலை எங்கே தூக்கிச் செல்வது?

இவ்வளவு அளந்த பின்னும் சொற்போர் ஓயாததற்கு ஒரு காரணத்தை ஆட்டர், டார்ன், ஹான்சன் மூவரும் ஆன் பெக்குடன் சேர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 2018-19ஆம் ஆண்டுகளின் சுங்கங்கள் எவ்வூர்களைக் காக்க விதிக்கப்பட்டனவோ அவ்வூர்களில் வேலை கூடவில்லை. எதிர்ச்சுங்கம் விழுந்த வேளாண் பகுதிகளில் வேலை குறைந்தது. ஆயினும் காக்கப்பட்ட ஊர்களின் மக்கள் 2020 தேர்தலில் டிரம்பின் பக்கம் மேலும் சாய்ந்தனர். இதைக் கண்டு மக்களை ஏமாளிகள் என்று சிரிப்பவர்கள் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. இருபது ஆண்டுகள் எவரும் தம் ஊர்ப்பெயரை உச்சரிக்காதிருந்த நிலையில் ஒருவர் உச்சரித்தார். அதற்கு அவர்கள் மறுமொழி கூறினர். ஆயின் அம்மறுமொழியை, சுங்கம் வேலை தந்தது என்பதற்குச் சான்றாகக் காட்டுவது பொய்.

சலவைப்பொறிச் சுங்கம் ஆண்டுதோறும் படிப்படியாகத் தணிக்கப்பட்டு, ஒருமுறை நீட்டிக்கப்பட்டு, 2023 பெப்ருவரியில் முடிவுற்றது. வேலி நீங்கிய பின் நியூபெரி ஆலையும் கிளார்க்ஸ்வில் ஆலையும் மூடப்படவில்லை. அங்கே பொறிகள் செய்யப்பட்டே வந்தன.